அரக்குச் சேலை மிளகாய்ச் சிவப்பான கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில், சேலம் ஏற்காடு ரோட்டில் நிற்கும், மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த கம்பெனி, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் கேவா கலர் என்ற வண்ண ஃபிலிமில் அங்கிருந்து வெளிவந்தது, எல்லாம் நன்றாக எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில்தான் எங்களை ஒரு குத்து குத்திவிட்டார். தமிழுக்கு வண்ணம் கொடுத்த ஊரில் இன்றைக்குக் கல்யாண வீடியோக்களைப் பார்த்தால் கண் கூசுகிறது, கட்டிய சேலை ஒரு நிறம், டிவியில் தெரியும் சேலை வேறு நிறம் என்று.

நான் அம்மாப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். வீட்டு மாடியில் ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், கீழே பக்கத்து வீட்டில் விசைத்தறி. பதினொரு வருடமாக இதுதான் சோறு. கட்டுரையைப் படித்ததும் கோபம் வந்து, பதில் எழுதுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, மனுஷன் சொன்னதில் பாதி உண்மை என்று தோன்றிவிட்டது. மீதிப் பாதியை மட்டும் சொல்கிறேன். நாங்கள் ரசனை கெட்டுப்போய் அப்படிச் செய்வதில்லை. பல நேரம் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும் மானிட்டரே பொய் சொல்கிறது, அதை நம்பி வேலை செய்துவிடுகிறோம்.

என் சொந்தக் கதையையே சொல்கிறேன், மானம் போனாலும் பரவாயில்லை.

வைகாசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தறிக்காரர்கள். முகூர்த்தச் சேலையைப் பெண்ணின் தாத்தாவே பக்கத்தில் இருந்து சாயம் பார்த்து நெய்ய வைத்தது, நல்ல அரக்கு. மாப்பிள்ளைக்கு நம்ம ஊர் வெண்பட்டு வேட்டி. வீடியோவைக் கொடுத்து மூன்றாம் நாள் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். "தம்பி, கொஞ்சம் வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போறீங்களா?" என்றார். குரல் சரியில்லை. போனேன். ஹாலில் பெரிய டிவி, எதிரே தாத்தா. தாலி கட்டும் இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். தாத்தா என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார், "இது எந்த ஊர்ச் சேலை கண்ணு?"

சேலை மிளகாய்ப் பழச் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. மடிப்பு உள்ள இடமெல்லாம் கன்னங்கரேல் என்று ஒரே அப்பல், மாப்பிள்ளையின் தலைமுடி ஏதோ தொப்பி போட்ட மாதிரி. என் ரூமில் நான் பார்த்து, ரெண்டர் போட்டு முடித்த ஃபைலாக எடுத்த படம் இது இல்லவே இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், "டிவி செட்டிங் ஆக இருக்கும் தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. டிவியைக் கடையில் வைத்திருக்கும்போது பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே டைனமிக், விவிட் என்று ஒரு மோடு இருக்கிறது. வாங்கி வந்த பிறகும் பல வீடுகளில் அதை யாரும் மாற்றுவதில்லை. சினிமா மோடோ ஃபிலிம்மேக்கர் மோடோ போட்டால் நாங்கள் செய்த வேலைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் அன்றைக்குத் தப்பு டிவியில் மட்டும் இல்லை. பைக்கை எடுக்கும் முன் அதே ஃபைலை என் போனில் போட்டுப் பார்த்தேன், அதிலும் கருப்பு அப்பிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நான் எடிட்டும் கலரும் செய்யும் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வைத் திறந்து பார்க்கிறேன், என் மானிட்டரில் சேலை சாந்தமாக அரக்கு நிறத்தில் சிரிக்கிறது. சாஃப்ட்வேர் ரெண்டர் செய்யும்போது கலரை மாற்றிவிடுகிறது என்று முடிவு கட்டினேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன், பழைய வெர்ஷனுக்குப் போனேன், விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். இரண்டு நாள் போனது. பிறகு வழக்கமாகப் போகும் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம், நல்ல பழக்கம். பத்து நிமிடம் பார்த்தார், "கிராபிக்ஸ் கார்டு டயர்டு ஆயிடுச்சு" என்றார். மானிட்டருக்குப் படம் அனுப்பும் அந்தக் கார்டு சாகும் என்று தெரியும், டயர்டு ஆகும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். சீசன் நேரம், கையில் நான்கு கல்யாணம் நிலுவை, யோசிக்கவில்லை. ரூ. 28,000 கொடுத்துப் புதுக் கார்டு மாட்டினேன். பிரச்சினை அப்படியே இருந்தது, மயிரிழை கூட மாறவில்லை.

கடைசியில் வழி காட்டியது சென்னையில் சினிமா லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். போனில் முழுக் கதையும் கேட்டுவிட்டு, "மானிட்டரைப் பாக்காத தம்பி. ஸ்கோப்பைத் திற. வேவ்ஃபார்ம் என்ன சொல்லுது?" என்றார். திறந்தேன். ஸ்கோப் என்பது படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் கட்டம், அதில் வெளிச்சத்தைக் காட்டும் அலைதான் வேவ்ஃபார்ம். அந்த அலை முழுக்கக் கீழே போய்ப் பூஜ்யக் கோட்டில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தது. அதாவது கருப்பை நானே இழுத்துத் தரையில் அடித்து வைத்திருக்கிறேன். மானிட்டரில் அது எனக்குத் தெரியவே இல்லை. ஸ்கோப் பக்கத்திலேயே இருக்கிறது, பதினொரு வருடமாக அலங்காரத்துக்கு வைத்திருந்தேன் போல.

என்ன நடந்தது என்றால், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது கார்டை ஓட்டும் சாஃப்ட்வேரை, அப்டேட் செய்திருந்தேன். என் மானிட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் ஓடுகிறது. எச்டிஎம்ஐ-யில் மாட்டியதைச் சில நேரம் கார்டு டிவி என்று எடுத்துக்கொள்ளும். டிவிக்கு என்றால், 0 முதல் 255 வரை எண்ணும் 8 பிட் கணக்கில் 16 என்பதைக் கருப்பாகவும் 235 என்பதை வெள்ளையாகவும் வைத்து அனுப்பும், அதற்கு லிமிடெட் ரேஞ்ச் என்று பெயர். கம்ப்யூட்டர் மானிட்டருக்கோ 0 தான் கருப்பு, 255 தான் வெள்ளை, அது ஃபுல் ரேஞ்ச். ஒருவர் முழத்தில் அளந்து கொடுக்கிறார், வாங்குகிறவர் கெஜம் என்று நினைத்து வாங்கிக்கொள்கிறார், துணி எப்படிச் சரியாக வரும்? 16-ல் வந்த கருப்பை மானிட்டர் சாம்பலாகக் காட்டும், வெள்ளை மங்கலாக இருக்கும், கலர் எல்லாம் வெளுத்த மாதிரி தெரியும். நான் அதைப் பார்த்துவிட்டு, எடுத்த படமே (ஃபுட்டேஜ்) வெளுப்பாக இருக்கிறது என்று கருப்பை அமுக்கி, வெளிச்சத்தை ஏற்றி, நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனைத் தூக்கி, என் கண்ணுக்கு நல்லா வரும்வரை திருகியிருக்கிறேன். சரியாகக் காட்டும் டிவியில் போட்டால் அத்தனையும் இரண்டு மடங்காகத் தெரியாதா? அரக்கு என்பதே வெளிச்சம் குறைந்த சிவப்புதான். அதற்கு வெளிச்சத்தையும் அடர்த்தியையும் ஏற்றினால் மிளகாய்ப் பழம் ஆகாமல் என்ன ஆகும்.

புதுக் கார்டு மாட்டியும் ஏன் சரியாகவில்லை என்றால், அதுவும் அதே கேபிளில் அதே மானிட்டரைப் பார்த்து அதே முடிவுக்குத்தான் வந்தது. என்விடியா கன்ட்ரோல் பேனலில், ரெசல்யூஷன் மாற்றும் பக்கத்தில் கீழே, அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்று ஒரு கட்டம். லிமிடெட் என்று இருந்ததை ஃபுல் என்று மாற்றினேன். அவ்வளவுதான். ரூ. 28,000-க்கும் இரண்டு நாள் தூக்கத்துக்கும் பதில் ஒரு கிளிக். மாற்றிய நொடி என் மானிட்டரிலும் சேலை எரிந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்றால், அதன் பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், இதே லிமிடெட் ஃபுல் வம்பில் மாட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அதில் ஒருவர் மானிட்டரையே மாற்றியிருக்கிறார். யாருக்கும் காரணம் தெரியாது, "திடீர்னு சரியாயிடுச்சுண்ணா" என்கிறார்கள். மறுபடி டிரைவர் அப்டேட் வந்தால் மறுபடி திடீரென்று கெடும்.

பழுது பார்ப்பதில் எங்களுக்கு ஒரு முறை இல்லை, அதுதான் பெரிய குறை. ஒன்று கெட்டால் ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றுகிறோம். கேபிளை மாற்றி, டிரைவரை மாற்றி, சாஃப்ட்வேரையும் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று எப்படித் தெரியும்? தறி நின்றால் தறிக்காரர் மொத்தத் தறியையும் பிரிப்பதில்லை. எந்த இழை அறுந்தது என்று விரலால் தடவிக்கொண்டே வருவார். நானும் இப்போது அப்படித்தான். முதலில் ஸ்கோப். ஸ்கோப் சரி, மானிட்டரில் மட்டும் தப்பு என்றால் ஃபைலைத் தொடவே மாட்டேன், கேபிள், ரேஞ்ச், மானிட்டரின் சொந்த மெனு, விண்டோஸின் நைட் லைட் என்று அந்தப் பக்கமே தேடுவேன். நைட் லைட் என்றதும் சிரிக்காதீர்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் எடிட் செய்த படமெல்லாம் நீலமாக வருகிறது என்று ஒரு தம்பி மாதக்கணக்கில் புலம்பினான். அதை நேரம் வைத்து ஆன் செய்திருந்தால், சாயந்திரம் ஆனதும் விண்டோஸ் தானாகத் திரையை மஞ்சளாக்கிவிடும், அவன் அந்த மஞ்சளை எடுக்க நீலம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஸ்கோப்பிலேயே தப்பு தெரிந்தால்தான் சாஃப்ட்வேருக்குள் போவது. அங்கேயும் ஒவ்வொரு நோடாக, அதாவது நாம் போட்ட ஒவ்வொரு கலர் மாற்றமாக, அணைத்துப் பார்த்தால் எந்த நோடில் படம் கெடுகிறது என்று ஒரு நிமிடத்தில் பிடிபடும். பாதி நேரம் ஒரே லட்டை (கலரை மொத்தமாக மாற்றும் ரெடிமேட் ஃபைல்) கிளிப்பில் ஒரு தடவை, புராஜெக்ட் செட்டிங்கில் ஒரு தடவை என இரண்டு முறை போட்டிருப்போம். லட் என்றதும் ஞாபகம் வருகிறது, 'ஆயிரம் சினிமா லட் 99 ரூபாய்' என்று விற்கிறார்களே, அதை வாங்கி எந்த கேமரா ஃபுட்டேஜ் என்றுகூடப் பார்க்காமல் அப்பும் பழக்கத்துக்குக் கட்டுரையாளர் எங்களைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.

சாஃப்ட்வேரைக் குறை சொல்லவே கூடாது என்று சொல்லவில்லை. ரிசால்வ் ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்கள் மட்டும் வைத்திருந்த சாமான். 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் டாவின்சியை வாங்கி, பிறகு இலவசப் பதிப்பும் விட்டதால்தான் அம்மாப்பேட்டை மாடியில் நான் அதைத் தொட முடிகிறது, அந்த நன்றி உண்டு. ஆனால் இலவசத்துக்கு எல்லை உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸில் இலவசப் பதிப்பு சில கேமராக்களின் 10 பிட் ஃபைல்களைத் திறப்பதில்லை. சத்தம் மட்டும் கேட்கும், படம் வராது. மெமரி கார்டு போச்சு என்று அலறிக்கொண்டு டேட்டா ரெகவரி கடைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கார்டில் ஒன்றும் இல்லை, ஷட்டர் என்கோடர் போன்ற ஓர் இலவச சாஃப்ட்வேரில் போட்டு டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற எடிட்டிங் ஃபைல் வகையாக மாற்றினால் படம் வந்துவிடும்.

அந்த மாற்றிய ஃபைலை எங்கே வைக்கிறோம் என்பது அடுத்த கதை. இந்த மாதிரி எடிட்டிங் ஃபைல்களின் கனத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். புரோரெஸ் 422 எச்க்யூ என்ற இன்னொரு எடிட்டிங் வகையில், 4கே படம் விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், விநாடிக்குச் சுமார் 92 எம்பி. நாம் பையில் போட்டுக்கொண்டு அலையும் சாதாரண ஹார்ட் டிஸ்க் அதிகம் போனால் நூறு, நூற்றிருபது கொடுக்கும், நிரம்ப நிரம்ப அதுவும் குறையும். ஒரு கேமரா என்றால் தப்பித்து ஓடும். முகூர்த்தத்தை மூன்று கேமராவில் எடுத்து மூன்றையும் ஒரே டைம்லைனில் அடுக்கினால் விக்கி விக்கி நிற்காமல் என்ன செய்யும்? "சிஸ்டம் ஸ்லோ, ராம் போடணும்" என்று அதற்கும் ஒரு பில். வேலை நடக்கும் கல்யாணத்தை மட்டும் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் போதும்.

ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) மெமரி ஃபுல் என்று வரும் செய்தியும் அதே ரகம். அது வந்தவுடன் கார்டு மாற்றச் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பு வைத்திருப்பவர்கள், மண்டபத்தில் லைட் பத்தாமல் எடுத்த இடங்களுக்கு நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் மினுக்கும் புள்ளிகளை எடுக்கும் வேலை) போட்டிருப்பார்கள். அதில் டெம்பொரல் என்பது முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களையெல்லாம் கார்டின் மெமரியில் ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை, 4கே டைம்லைனில் அதை ஐந்து ஃபிரேமுக்குப் போட்டால் எந்தக் கார்டும் மூச்சு வாங்கும். டைம்லைனை 1080-ல் வைத்து வேலையை முடித்து, ரெண்டர் போடும்போது மட்டும் 4கே ஆக்கலாம், ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அந்த நோடின் முடிவை மட்டும் டிஸ்க்கில் சேமித்து (கேஷ்) வைக்கலாம். இன்னொரு வேடிக்கை, லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும், சாஃப்ட்வேர் பெரிய கார்டை விட்டுவிட்டு பிராசசருக்குள் இருக்கும் சின்னதில் ஓடிக்கொண்டிருக்கும். பிரிஃபரன்ஸில் மெமரி அண்ட் ஜிபியு பக்கத்தில் போய் ஆட்டோவை எடுத்துவிட்டு, எந்தக் கார்டு என்று நாமே டிக் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் காசு கிடையாது.

அப்புறம் எங்கள் ஏரியாவுக்கே உரிய வியாதி ஒன்று, பஞ்சு. சுற்றி விசைத்தறி ஓடுகிற தெருவில் காற்றோடு பஞ்சுத் தூசி வந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதம் விட்டால் கார்டின் ஃபேனுக்குப் பின்னால், ஹீட்சிங்க் இடுக்கில், நல்ல கம்பளி மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும், விரலால் உரித்தால் அப்படியே ஒரு துண்டாக வரும். சேலத்துச் சித்திரை வெயில், மாடி ரூம், மேலே சிமெண்ட் ஷீட். பல என்விடியா கார்டுகள் 83 டிகிரியை ஒட்டியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் 40 நிமிடத்தில் முடிந்த ரெண்டர் மதியம் ஒன்றரை மணி நேரம் இழுப்பது அதனால்தான். சாஃப்ட்வேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மிஷினை அணைத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷும் புளோயரும் வைத்துத் தட்டினால் தீர்ந்தது. கரண்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறும் நொடியில் மிஷின் செத்துவிடுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்-ஸை (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) திட்டுவதற்கு முன் இன்வர்ட்டர் சைன் வேவா சதுர வேவா என்று பாருங்கள், இந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ் பலதுக்குச் சதுர அலை ஒத்துக்கொள்வதில்லை. ரிசால்வில் வேலையைத் தானாகச் சேமிக்கும் லைவ் சேவ், புராஜெக்ட் பேக்கப் இரண்டையும் ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடியாது.

கட்டுரையாளருக்குத் தெரியாத இன்னொரு தலைவலியும் உண்டு, கல்யாண வீட்டார் எல்லோரும் இப்போது கேமராமேன். சித்தப்பா மகன் ஐபோனில் எடுத்த கிளிப்பையும் சேர்க்கச் சொல்வார்கள். 2020-ல் வந்த ஐபோன் 12 முதற்கொண்டு அது அதிகப் பிரகாசத்துக்கான எச்டிஆர்-ல் எடுக்கும், நம் டைம்லைன் சாதாரண டிவிக்கான ரெக் 709. அப்படியே போட்டால் மாப்பிள்ளை முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெந்து போகும். ஒரு கலர் கணக்கை இன்னொன்றாக மாற்றும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் ஒன்றைப் போட்டு இறக்க வேண்டும், கண்ணால் திருகி வராது. அப்புறம் ஏற்காட்டில் எடுக்கும் ப்ரீ வெட்டிங். பகோடா பாயின்ட்டில் காலைப் பனி, லேடீஸ் சீட்டில் சாயந்திர வானம், கேட்கவே நன்றாக இருக்கும். ஆனால் 8 பிட் கேமராவில், பின்னால் கலர் செய்வதற்காக வெளுப்பாகப் பதியும் லாக் போட்டு எடுத்து வந்து, கிரேட் (கலர் சரி) செய்யும்போது பனி பனியாக இல்லாமல் படி படியாக, ரேகை ரேகையாகத் தெரிகிறது, சாஃப்ட்வேர் சரியில்லை என்கிறார்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், 10 பிட்டில் 1024. லாக் அந்த 256-லும் கொஞ்சத்தைத்தான் பனிக்கு ஒதுக்கும், அதை இழுத்து விரித்தால் இடைவெளி தெரியத்தானே செய்யும். எந்தப் பொத்தானாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கொஞ்சம் ஃபிலிம் மாதிரிப் புள்ளி (கிரெய்ன்) தூவி மறைக்கலாம், அடுத்த முறை சாதாரண புரொஃபைலில் எடுக்கலாம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைகள் தனி ரகம். அவர் மேக்புக்கில் குவிக்டைமில் பார்த்துவிட்டு "டல்லா இருக்கு" என்பார், அதே ஃபைலை ஆத்தூரில் மாமனார் டிவியில் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஃபைலுக்குள் இருக்கும் கலர் டேக்கை மேக் வேறு காமாவில், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே உள்ள சாயலுக்கு வேறு கணக்கில், படிக்கிறது. அதற்கென்றே ரிசால்வில் ரெக் 709-ஏ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைப் போட்டால் மற்ற இடங்களில் எப்படித் தெரியும் என்பது தனி ஆராய்ச்சி. நான் இப்போதெல்லாம் மாமனார் பக்கம்தான், பணம் கொடுப்பவர் அவர்.

சரி, புலம்பல் போதும். ஒரு யோசனை சொல்லத்தான் இவ்வளவும்.

டிவிக்கான படத்தை கிரேட் செய்யும் மானிட்டருக்கு ஒரு உலகக் கணக்கு இருக்கிறது. வெள்ளை என்றால் டி65, அதாவது 6500 கெல்வினை ஒட்டிய வெள்ளை, காமா 2.4, இருட்டு ரூமில் பிரகாசம் 100 நிட்ஸ். நம் மானிட்டர் அதில் நிற்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, கண் எதற்கும் பழகிக்கொள்ளும். திரையில் ஒட்ட வைத்து அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது, கலரிமீட்டர். ஓட்டுவதற்கு டிஸ்ப்ளேகால் என்ற சாஃப்ட்வேர் இலவசம்தான், கருவிக்குத்தான் நல்ல காசு ஆகும். வருடத்துக்கு நான்கைந்து தடவை, தடவைக்கு அரை மணி நேரம் தேவைப்படும் சாமானுக்கு அவ்வளவு பணத்தை ஒரு ஆள் போடுவது கஷ்டம். ஆனால் ஊரில் வீடியோகிராபர் சங்கங்கள் இருக்கின்றன, சந்தா வாங்குகிறார்கள், ஆயுத பூஜைக்குப் பேனர் வைக்கிறார்கள். தெருவில் விசேஷப் பாத்திரங்களைப் பொதுவில் வாங்கி வைத்து வீடு வீடாக எடுத்துப் போவது போல, ஒரே ஒரு கலரிமீட்டரைச் சங்கத்தில் வாங்கி வைத்தால், குகை ஏரியாவில் இருந்து சூரமங்கலம் வரை எல்லா மாடி ரூமுக்கும் சுற்றி வரும். நான் ரூ. 1,000 முதலில் தருகிறேன். கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்ததை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தமிழில் இந்த வேலையை எழுத்தில் சொல்லிக் கொடுப்பவர் கிடைப்பது அபூர்வம். அலிபாபாவாக நம் ஊர்ப் படத்தில் நடித்த எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, ஆனால் சீசன் நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு எங்களைப் போன்றவர்கள் அங்கே போய் உட்கார முடியாது. உங்கள் ஞாயிறு இணைப்பில் ராசிபலனுக்குப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, வாரம் ஒரு பழுதைப் பற்றி, கேபிளில் ஆரம்பித்து வரிசையாக, விவரம் தெரிந்த ஒருவரை எழுத வையுங்களேன். கத்தரித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்வோம்.

பின்குறிப்பு: தாத்தா கதையை முடிக்காமல் விட்டால் நன்றாக இருக்காது. ரேஞ்சை மாற்றிய பிறகு அந்த முகூர்த்தத்தை முழுக்க மறுபடி செய்தேன். சந்தேகத்துக்குச் சேலையையே கேட்டு வாங்கி வந்து மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒத்துப்போகவில்லை, மறுபடி திருகப் போனேன். சேலையோடு கூடவே வந்திருந்த தாத்தா, "டியூப் லைட்ல சாயம் பாக்காத கண்ணு" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். டியூப் லைட்டில் பழுப்படித்துத் தெரிந்த சேலை அங்கே திரையில் உள்ள அதே அரக்கு. நல்லவேளை, எதையும் தொடவில்லை. நலங்கில் மஞ்சள் பூசிய முகம் நிறத்தைக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில், தோலின் நிறத்துக்கென்று உள்ள சருமக் கோட்டை விட்டு மஞ்சள் பக்கம் சாய்ந்திருந்தது, அதையும் அப்படியே விட்டுவிட்டேன், மஞ்சள் பூசினால் மஞ்சளாகத்தானே இருக்கும்.

புது ஃபைலை அவர்கள் வீட்டு டிவியில் போட்டோம், டைனமிக்கை எடுத்து சினிமா மோடில் வைத்துவிட்டு. தாத்தா எழுந்து போய்த் திரைக்கு அரை அடி தூரத்தில் நின்று பார்த்தார். "ம், இது நம்ம அரக்குதான்" என்றார். நான் பெருமூச்சு விடுவதற்குள், "வேட்டி மட்டும் கொஞ்சம் நீலம் போட்ட மாதிரி இருக்கே. வெண்பட்டுல லேசா ஒரு சந்தனம் ஓடணும்ல?" என்றார். அவர் சொன்னது சரி. வேட்டியைத்தான் வெள்ளை என்று காட்டி வொயிட் பேலன்ஸ் எடுத்திருந்தேன், வெண்பட்டு சுத்த வெள்ளை கிடையாது என்பதை மறந்துவிட்டு. மூன்றாவது ரெண்டர் நேற்று ராத்திரி போட்டேன், இன்றைக்குச் சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண வீடியோ எடிட்டர்,
அம்மாப்பேட்டை, சேலம்.